கேம் பெட்டிக்கு எந்தத் திரை, எந்த வயர்?

கொல்லிமலை அடிவாரத்தில் புளியஞ்சோலைப் பக்கம் பள்ளி விடுமுறை என்றால் காலையில் ஆற்றுக் குளியல், வெயில் ஏறியதும் வீட்டுக்குள் கேம். வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகள் துணிப்பையோடு பி.எஸ். ஃபோரையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். வீட்டில் இருப்பதோ 2006-இல் தொடங்கிய திட்டத்தில் கிடைத்த 14 அங்குல அரசு டிவி; அல்லது 2011-க்குப் பிறகு அக்காவோ அண்ணனோ பிளஸ் டூவில் வாங்கிய அரசு லேப்டாப். அதற்காகப் புது டிவி வாங்க வேண்டியதில்லை. இருக்கிற திரையிலேயே ஓட்டிவிடலாம்.

1. லேப்டாப்பின் ஓரத்தில் இருக்கும் எச்.டி.எம்.ஐ. துளை படத்தை வெளியே அனுப்ப மட்டுமே. கேம் பெட்டியின் துளையும் அப்படித்தான். இரண்டையும் வயரால் இணைப்பது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருப்பது மாதிரி. கேட்க ஆள் இல்லை. திரை கறுப்பாகவே நிற்கும். வயர் கெட்டுவிட்டதென்று துறையூருக்குப் போய்ப் புது வயர் வாங்கி வர வேண்டாம். படத்தை உள்ளே வாங்கும் துளை வைத்த லேப்டாப்புகள் மிக அபூர்வம்.

2. கம்ப்யூட்டர் மானிட்டர் என்றால் கவலையே இல்லை. அதன் எச்.டி.எம்.ஐ. துளை படத்தை வாங்குவதற்கென்றே இருப்பது. மாட்டிய உடனே படம் வரும். சத்தம்தான் வராமல் போகலாம். பல மானிட்டர்களுக்கு ஸ்பீக்கர் கிடையாது. பி.எஸ். ஃபோர் கன்ட்ரோலரின் அடிப்பக்கத்தில் ஹெட்போன் துளை இருக்கிறது. செட்டிங்ஸ், டிவைசஸ், ஆடியோ டிவைசஸ் என்று போய், ஹெட்போனுக்கு ‘ஆல் ஆடியோ’ என்று மாற்றினால் முழுச் சத்தமும் அதில் கேட்கும்.

3. பழைய மானிட்டரில் நீல நிற வி.ஜி.ஏ. துளை மட்டும் இருந்தால் வெறும் வயர் உதவாது. உள்ளே சர்க்யூட் வைத்த எச்.டி.எம்.ஐ. – வி.ஜி.ஏ. கன்வெர்ட்டர் வேண்டும். சத்தத்துக்குத் தனித் துளை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். வெள்ளை நிற டி.வி.ஐ. துளைக்குச் சாதாரண மாற்று வயரே போதும்.

4. லேப்டாப் திரையிலேயே பார்த்தாக வேண்டும் என்றால் யு.எஸ்.பி. கேப்சர் கார்டு வேண்டும். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். ஒரு முனையில் கேம் பெட்டியின் எச்.டி.எம்.ஐ. வயர், மறுமுனை லேப்டாப்பின் யு.எஸ்.பி.யில். சாதாரண ரகம் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். லேப்டாப் அதை ஒரு வெப்கேமராவாக எடுத்துக்கொள்வதால் தனி டிரைவர் தேவையில்லை. ஓ.பி.எஸ். ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, சோர்சஸ் பெட்டியில் ‘வீடியோ கேப்சர் டிவைஸ்’ சேர்த்தால் படம் விரியும்.

படம் வந்து சத்தம் வராமல் நிறையப் பேர் திண்டாடுவது இந்த இடத்தில்தான். அதே மென்பொருளில் அட்வான்ஸ்டு ஆடியோ பிராப்பர்ட்டீஸ் திறந்து, கார்டுக்கு நேரே ‘மானிட்டர் அண்ட் அவுட்புட்’ என்று மாற்றுங்கள். அப்புறம் கேட்கும்.

இந்த வழியில் பட்டனை அழுத்துவதற்கும் திரையில் ஆள் குதிப்பதற்கும் நடுவே ஒரு சின்னத் தாமதம் இருக்கும். கிரிக்கெட் கேமில் பந்து தாண்டிப் போன பிறகுதான் மட்டை சுழலும். நிதானமாக ஆடும் கதை கேம்களுக்குக் கேப்சர் கார்டு போதும். கிரிக்கெட், சண்டை, ரேஸ் என்றால் மானிட்டரைத் தேடுங்கள்.

5. கார்டு மாட்டியும் கறுப்புத் திரையா? பி.எஸ். ஃபோரில் எச்.டி.சி.பி. என்ற காப்புப் பூட்டு ஓடிக்கொண்டிருக்கும். பெட்டியை முதலில் டிவியில் மாட்டி, செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய் ‘எனேபிள் எச்.டி.சி.பி.’ டிக்கை எடுத்துவிடுங்கள். பி.எஸ். ஃபைவிலும் இது சிஸ்டம் பகுதியில், எச்.டி.எம்.ஐ. என்பதற்குள் இருக்கிறது. பூட்டு திறந்திருக்கும்வரை சினிமா செயலிகள் ஓடாது. திரும்ப டிக் போட்டால் ஓடும். பி.எஸ். திரீயில் எச்.டி.எம்.ஐ. வழியாக வரும் இந்தப் பூட்டை எடுக்கவே முடியாது.

6. வயரே இல்லாமல் பார்க்க சோனியின் ரிமோட் ப்ளே மென்பொருள் இருக்கிறது. எக்ஸ்பாக்ஸுக்கும் இதே வசதி உண்டு. சோனி கேட்பது குறைந்தது 5 எம்.பி.பி.எஸ். வேகம், நன்றாக ஓட 15. மலை மறைத்து சிக்னல் ஏறி இறங்கும் வீடுகளில் மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி இதில் இறங்க வேண்டாம். வீட்டில் ஃபைபர் இணைப்பும் ரவுட்டரும் இருந்தால், கேம் பெட்டிக்கு ரவுட்டரிலிருந்து லேன் வயர் இழுத்துவிடுங்கள். படம் திக்கித் திக்கி வருவது அதிலேயே பெருமளவு நின்றுவிடும்.

7. போர்டு போய் மூலையில் கிடக்கும் லேப்டாப்பைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். திரை நன்றாக இருந்தால் அதையே மானிட்டராக மாற்றலாம். திரையைக் கழற்றினால் பின்பக்க ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும். அந்த எண்ணைச் சொல்லி எல்.சி.டி. கன்ட்ரோலர் போர்டு வாங்க வேண்டும். எண் மாறினால் படம் வராது. சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும், ஆன்லைனிலும் வரும். போர்டோடு பொருத்தமான அடாப்டரும் வேண்டும். பிளைவுட் சட்டம் அடித்துச் சுவரில் மாட்டிவிட்டால் கேம் பெட்டி நேரடியாக அதில் ஓடும், தாமதத் தொல்லையும் இல்லை. வேலையை லேப்டாப் மெக்கானிக்கிடம் விடுங்கள். உப்பிப்போன பேட்டரி இருந்தால் அதைக் குத்தாமல், நசுக்காமல் முதலில் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். பிள்ளைகள் படித்த லேப்டாப்புக்கு இதைவிட நல்ல மறுபயன் எனக்குத் தெரிந்து இல்லை.

8. பழைய கேசட் டிவி கேமும் பி.எஸ். டூவும் வேறு ரகம். பி.எஸ். டூ வந்தது 2000-இல், எச்.டி.எம்.ஐ. உருவானதே 2002 கடைசியில். ஆகவே மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏ.வி. வயர்தான். பரணில் இருக்கும் அரசு டிவியை இதற்கு இறக்குங்கள். முன்பக்கமோ பின்பக்கமோ ஏ.வி. துளை இருந்தால் மஞ்சளில் படம், வெள்ளையில் சத்தம். ஒரே ஸ்பீக்கர் டிவி என்றால் சிவப்பைச் சும்மா விட்டுவிடலாம். அந்தப் படம் இந்த மாதிரிக் குழாய் டிவிக்கென்றே உருவானது, புதுத் திரையில் மங்கலாகத் தெரிவது இதில் பளிச்சென்று இருக்கும். கேசட் கேமின் வாத்து சுடும் துப்பாக்கியோ குழாய் டிவியில் மட்டுமே வேலை செய்யும். எல்.இ.டி. டிவியில் எவ்வளவு சுட்டாலும் வாத்து விழாது.

படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் மஞ்சள் பின் சரியான துளையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், டிவி மெனுவில் கலர் சிஸ்டத்தை ‘ஆட்டோ’ ஆக்குங்கள்.

9. ஏ.வி. கேம் பெட்டியைப் புது மானிட்டரில் மாட்ட கன்வெர்ட்டர் வாங்கும்போது மேலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ‘ஏ.வி. டு எச்.டி.எம்.ஐ.’ ஒரு பெட்டி, ‘எச்.டி.எம்.ஐ. டு ஏ.வி.’ வேறு பெட்டி. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

10. டிவியில் ஓடிய பெட்டி பழைய மானிட்டரில் ‘நோ சிக்னல்’ காட்டினால், மானிட்டருக்குத் தாங்காத அளவில் படம் போவது காரணமாக இருக்கலாம். பி.எஸ். ஃபோரை முழுதாக அணைத்து, பவர் பட்டனை இரண்டாவது பீப் கேட்கும்வரை, சுமார் 7 விநாடி, அழுத்திப் பிடியுங்கள். கன்ட்ரோலரை யு.எஸ்.பி. வயரில் இணைத்து, ‘சேஞ்ச் ரெசல்யூஷன்’ தேர்ந்தெடுங்கள். மறுபடி ஆன் ஆகும்போது பிடிக்கும் அளவைக் கேட்கும், 720 போதும்.

11. வயர் மாட்டும்போது விரலில் ஜிவ்வென்று இழுக்கிறதா? எர்த் சரியில்லாத வீடுகளில் இது வரும். இழுவை ஆளுக்கு மட்டுமில்லை, எச்.டி.எம்.ஐ. துளைக்கும் ஆகாது. கேம் பெட்டி, திரை இரண்டின் பிளக்கையும் சுவரிலிருந்து எடுத்துவிட்டு வயர் மாட்டி, பிறகு சுவிட்ச் போடுங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தையும் பார்த்துவிடுங்கள். ஆற்றிலிருந்து ஈரத்தோடு ஓடிவரும் பிள்ளைகள் கை துவட்டாமல் பெட்டியைத் தொடக் கூடாது, இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

12. ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்க ஆரம்பித்தால் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே உருவ வேண்டும். டிவியின் கேபிள் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். மின்னல் அதன் வழியாக டிவிக்குள் வந்து, எச்.டி.எம்.ஐ. வயரில் ஏறி கேம் பெட்டியையும் எரித்துவிடும். கரண்ட் போனால் உடனே சுவிட்சை அணைத்து, திரும்ப வந்து வோல்டேஜ் நிலைத்த பிறகு போடுங்கள். ஆட்டத்தை அடிக்கடி சேவ் செய்து வைக்கச் சொல்லிப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.