இரண்டு பேர் படுக்க ஒரு டியர்டிராப் வண்டி

டியர்டிராப் ட்ரெய்லர் என்பது காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் ஒரு சின்னப் படுக்கையறை. முன்பக்கம் உருண்டிருக்கும், பின்பக்கம் சரிந்து இறங்கும். உள்ளே ஒரு மெத்தை. பின்கதவைத் தூக்கினால் சமையல் மேடை. நிமிர்ந்து நிற்க இடம் கிடையாது. 1930களில் அமெரிக்காவில் தொடங்கிய இந்த வண்டி கட்டும் பழக்கம் உலகப் போருக்குப் பிறகு வீட்டுக் கொட்டகைகளில் நன்றாகப் பரவியது. 1947இல் ‘மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ இதழில் வந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு இன்றும் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜிக்சா, ட்ரில், ரௌட்டர், நிறைய கிளாம்ப் இருந்தால் போதும், தச்சுவேலை தெரியாதவரும் இறங்கலாம். எடை ஏறக் கூடாது, தண்ணீர் இறங்கக் கூடாது: வேலை முழுக்க இந்த இரண்டையும்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பலகை வாங்குவதற்கு முன்னால் உங்கள் மாநிலத்தின் வாகனப் பதிவு விதிகளைப் படித்துவிடுங்கள். வீட்டில் கட்டிய ட்ரெய்லரை அமெரிக்காவில் பல மாநிலங்கள் பதிவுசெய்து எண் கொடுக்கின்றன. கேட்கும் காகிதங்கள்தான் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பொருள் வாங்கிய ரசீதுகளையும் எடைச் சீட்டையும் கேட்கும் இடங்கள் உண்டு. அதனால் முதல் ஆணி வாங்கும் நாளிலிருந்தே ரசீதுகளை ஓர் உறையில் போட்டுவாருங்கள்.

அளவைத் தீர்மானிப்பது ப்ளைவுட்தான். ஒரு பலகை 4 அடிக்கு 8 அடி. பக்கச் சுவரை ஒரே பலகையில் வெட்டினால் நீளம் 8 அடி, உயரம் 4 அடி. அகலத்தை 4 அடியாக வைத்தால் தரைக்கும் ஒரே பலகை போதும், ஆனால் 60 அங்குல அகலமுள்ள குயின் மெத்தை உள்ளே போகாது. அது வேண்டுமென்றால் 5 அடி அகலம் வேண்டும்; செலவும் எடையும் கூடும். முதல் முறை கட்டுகிறவருக்கு 4 அடிதான் என் சிபாரிசு. 8 அடி நீளத்தில் படுக்கையும் சமையல் மேடையும் எப்படி அடங்கும் என்றால், நடுத்தடுப்பு தரைவரை இறங்காது. கால்கள் சமையல் அலமாரிக்கு அடியில் நீண்டுகொள்ளும்.

அடிச்சட்டத்தை நீங்களே வெல்டிங் செய்ய வேண்டாம். 4×8 அடி ட்ரெய்லர் சட்டம் அச்சு, சக்கரம், விளக்குகளோடு பெட்டியில் பிரித்துப்போட்டே விற்கிறது. போல்ட் முடுக்கிப் பூட்டலாம். இந்த அளவு வண்டி முடியும்போது பெரும்பாலும் 300 முதல் 500 கிலோவுக்குள் நிற்கும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் கொக்கிப் பந்தின் மேல் அழுந்த வேண்டும். பின்பக்கம் கனத்துவிட்டால் நெடுஞ்சாலையில் வண்டி இடமும் வலமுமாக வாலாட்டும். அது காரையே கவிழ்க்கக்கூடியது. சமையல் சாமான் எல்லாம் பின்னால் இருப்பதால் பேட்டரியையும் கருவிப் பெட்டியையும் முன்னால் வையுங்கள். முன்முனையைக் கொக்கி உயரத்தில் முட்டுக்கொடுத்து, முட்டுக்கு அடியில் குளியலறை எடைமேடை ஒன்றைப் போட்டால் கணக்குத் தெரிந்துவிடும்.

தரைக்கு மெல்லிய மரச்சட்டம், இடையிடையே ஃபோம் அட்டை, மேலே அரை அங்குல ப்ளைவுட். அடிப்பக்கத்துக்கும் விளிம்புகளுக்கும் தார்ப்பூச்சை இரண்டு முறை அடியுங்கள். ப்ளைவுட் தண்ணீரைக் குடிப்பது முகத்தால் அல்ல, வெட்டிய விளிம்பால்.

அடுத்து பக்கச் சுவர். நேரே நல்ல பலகையில் வரையாதீர்கள். மலிவான ஹார்ட்போர்டில் ஆணிகள் அடித்து, அவற்றின் மேல் மெல்லிய மரப்பட்டையை வளைத்து, கோட்டை இழுங்கள். பட்டை தானாக வளைகிற வளைவு கண்ணுக்கும் பிடிக்கும், கூரைப் பலகைக்கும் பிடிக்கும். வெட்டி உப்புத்தாள் போட்டு அச்சு ஆக்கிக்கொண்டு, அதை வைத்து இரண்டு சுவர்களையும் ரௌட்டரால் வெட்டுங்கள். இரண்டும் மயிரிழை பிசகாமல் ஒத்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. கதவு ஓட்டையையும் இப்போதே வெட்டிவிடுங்கள்.

சுவர்களை நிறுத்திக் குறுக்குச் சட்டங்களால் இணைத்ததும் உள்கூரையாக 3 மி.மீ. ப்ளைவுட்டை வளைத்து ஒட்டுங்கள். முரண்டு பிடித்தால் வெந்நீரில் நனைத்த துண்டைப் போர்த்தி வைத்து, மெதுவாக இறக்கி கிளாம்ப் போடுங்கள். பிறகு சட்டங்களுக்கு நடுவே ஃபோம். வெளிக்கூரையை மூடும் முன் 12 வோல்ட் ஒயர்கள் எல்லாவற்றையும் ஓட்டிவிட வேண்டும்: விளக்கு, விசிறி, பின்விளக்கு, பிற்பாடு எதற்காவது இருக்கட்டும் என்று உபரியாக ஒரு ஜோடி. பேட்டரியின் நேர்முனைக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் இருக்கட்டும்.

கூரையில் 14 அங்குல விசிறித் துவாரம் ஒன்று அவசியம். மூடிய சின்னப் பெட்டியில் இருவர் விடும் மூச்சு விடிவதற்குள் சுவரில் நீராக வழியும். அடுப்பை உள்ளே பற்றவைக்கவே கூடாது. சமையல் மேடை வெளியே இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் படுக்கைப் பக்கம் மாட்டுங்கள்.

பின்கதவுதான் பலரும் திணறும் இடம். வளைத்து ஒட்டிய பலகை கிளாம்பை எடுத்ததும் கொஞ்சம் விரியும். அதனால் கதவின் விலாச் சட்டங்களைச் சுவரைவிடச் சற்றே இறுக்கமான வளைவில் வெட்டி, வண்டியின் மேல் வைத்தே கதவைக் கட்டுங்கள். பசை முழுக்கக் காய்ந்த பிறகே கழற்றுங்கள். கீலுக்கு ஹரிக்கேன் கீல் என்று கேட்டு வாங்குங்கள். கூரையின் அகலம் முழுக்க ஓடும் அலுமினியக் கீல் அது. ஒரு பாதி மற்றதன் மேல் கவிந்து மழைநீரை வெளியே தள்ளிவிடும். சாதாரணப் பியானோ கீல் போட்டால் அதன் இடுக்கு வழியே சமையலறையில் மழை பெய்யும்.

வெளிப்புறத்துக்கு அலுமினியத் தகடு அழகு. அதை மரத்தோடு முழுக்க ஒட்டிவிடாதீர்கள். வெயிலுக்கும் குளிருக்கும் 40 டிகிரி வித்தியாசம் என்றால் 8 அடித் தகடு 2 மி.மீ. நீளும், சுருங்கும், ஒட்டியிருந்தால் உப்பும். விளிம்புப் பட்டைக்கு அடியில் மட்டும் பிடிப்புக் கொடுத்து, திருகு ஓட்டைகளைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். திருகுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். மருந்து ஏற்றிய ப்ளைவுட்டை அலுமினியத்தோடு சேர்க்காதீர்கள், தகட்டை அரித்துவிடும். தகடு வேண்டாம் என்றால் எபாக்சி பூசி பெயின்ட் அடிக்கலாம்; எடை குறையும், பராமரிப்பு கூடும்.

விளிம்புப் பட்டை, ஜன்னல், கதவு, விசிறி எல்லாவற்றுக்கும் அடியில் பியூட்டைல் டேப். சிலிக்கான் எளிதாகக் கிடைக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். அதன் மேல் பெயின்ட் நிற்காது. கசியும் நாளில் சுரண்டினாலும் முழுக்கப் போகாது, புதிதாக எதுவும் ஒட்டாது. பூட்டி முடித்ததும் தோட்டத்து ஹோஸைத் திறந்து கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக நனைத்துக்கொண்டே போங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்து பார்க்கட்டும். மேலிருந்து தொடங்கினால் எங்கே ஒழுகுகிறது என்று தெரியாது.

விளக்கு இணைப்பில் நான்கு ஒயர்: வெள்ளை எர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது. வெள்ளை ஒயரைப் பெயின்ட் சுரண்டிய இரும்பில் முடுக்கினால் பாதித் தொல்லை வராது. பாதுகாப்புச் சங்கிலிகளை இழுவைக் கம்பிக்கு அடியில் குறுக்காகப் போட்டு மாட்டுங்கள். கொக்கி கழன்றால் முன்முனை தரையில் குத்தாமல் அவற்றில் தொங்கும்.

முதல் ஓட்டம் பக்கத்து ஊர்வரை போதும். 10, 25, 50 மைலில் நிறுத்திச் சக்கர நட்டுகளை மறுபடி முடுக்குங்கள். நிற்கும்போதெல்லாம் சக்கரக் குடத்தின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். இளஞ்சூடு சரி, அனல் அடித்தால் பேரிங்கில் கிரீஸ் இல்லை, அல்லது பேரிங்கைப் பிடிக்கும் நட்டு அதிகம் இறுகியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் அங்கிருந்து கிளம்ப வேண்டாம்.