அமெரிக்க மருத்துவ மேற்பயிற்சி: விசாவும் பெயர் ஒற்றுமையும்

2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியிலோ பிற இந்தியக் கல்லூரிகளிலோ எம்.பி.பி.எஸ். முடித்து, அமெரிக்க மருத்துவமனைகளில் ‘ரெசிடென்சி’ எனப்படும் சிறப்புத்துறை மேற்பயிற்சியை நாடுவோர், எந்த விசாவில் செல்வது என்பதைத் தொடக்கத்திலேயே ஆராய்வது நல்லது. பயிற்சிக்குப் பிந்தைய ஆண்டுகளின் போக்கை அம்முடிவே பெரிதும் நிர்ணயிக்கிறது.

வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்குச் சான்றளிக்கும் இசிஎஃப்எம்ஜி அமைப்பின் பொறுப்பேற்புடன் பெறப்படும் ஜே-1 விசாவுக்கு, பயிற்சி பெறவிருக்கும் துறையின் வல்லுநர்கள் நாட்டுக்குத் தேவை என இந்தியாவின் மத்திய சுகாதார அமைச்சகம் அளிக்கும் கடிதம் இன்றியமையாதது. பயிற்சி முடிந்தபின் இரண்டாண்டுகள் தாய்நாட்டில் வசிக்க வேண்டும் என்பது இவ்விசாவின் கடுமையான நிபந்தனையாகும்; எனினும் அமெரிக்காவில் மருத்துவர் பற்றாக்குறையுள்ள பகுதியில் மூன்றாண்டுகள் பணியாற்ற முன்வருவோருக்கு விலக்களிக்குமாறு, ‘கான்ராட் 30’ திட்டத்தின்கீழ் ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுக்கு 30 பேர்வரை பரிந்துரைக்கலாம். எச்-1பி விசாவில் அந்நிபந்தனை இல்லை. ஆனால் அமெரிக்க உரிமத் தேர்வான யுஎஸ்எம்எல்இயின் மூன்றாம் படியில் முன்னதாகவே தேறியிருக்க வேண்டும். மேலும், அமெரிக்க அதிபரின் 2025 செப்டம்பர் பிரகடனம் வெளிநாட்டில் இருப்போருக்கான புதிய மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதித்ததால், இவ்வழி மிகவும் குறுகிவிட்டது.

தமிழகத்தாருக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. பள்ளிச் சான்றிதழில் முதலெழுத்தாக மட்டும் நிற்கும் தந்தை பெயர் கடவுச்சீட்டில் விரிந்து குடும்பப்பெயராகிவிடுவதால், இரண்டும் வேறு வேறு ஆட்களுடையவை போலத் தோன்றிச் சரிபார்ப்பு தடைபடக்கூடும். எனவே திண்டுக்கல் மாவட்ட மாணவர்கள், தேர்வுக்குப் பதிவு செய்வதற்கு முன்பே, மதுரை மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகத்தின் வழியாகத் தம் பெயரைச் சீர்செய்துகொள்ள வேண்டும்.