வேரில் மருந்து பெருகும் விதம்

திருநெல்வேலிச் சென்னா என்று உலகச் சந்தையில் பெயர் பெற்ற நிலாவாரையை நம் அங்கத்தினர் நன்கறிவர். அதன் இலையைப் பறித்தால் செடி மீண்டும் தழைக்கும். மருந்து வேரில் இருக்குமாயின், அறுவடையோடு செடியே போய்விடும். தாமிரபரணி பிறக்கும் பொதிகை மலைத்தொடரில் வளரும் அமிர்தபாலா இதற்குச் சான்று. காணிக்காரர் மருந்தாகப் போற்றும் அதன் கிழங்கு வேருக்காகத் தோண்டப்பட்டு, அச்செடி இன்று அருகிவிட்டது.

செடியை அழிக்காமல் வேரின் மருந்தைப் பெற வழியுண்டா? உண்டு. அதுவே வேர் வளர்ப்பு முறை. கிருமி நீக்கிய கண்ணாடிக் குடுவையில், சர்க்கரையும் உப்புச் சத்துக்களும் கலந்த நீரில், மண்ணும் இலையுமின்றி வேரை மட்டும் வளர்ப்பர். வேர் அரும்புவதற்கு ஆக்சின் என்னும் ஹார்மோன் உதவும்.

ஆனால் வேர் பெருத்தால் மட்டும் மருந்து பெருகாது. செடி மருந்துப் பொருளை ஆக்குவது நமக்காக அன்று. பெரும்பாலும் பூச்சியினின்றும் நோயினின்றும் தன்னைக் காத்துக்கொள்ளவே ஆக்குகிறது. தாக்குதல் நேர்ந்ததைச் செடிக்குள் அறிவிக்கும் தூதுவர்களாகச் சில ஹார்மோன்கள் உள்ளன. ஜாஸ்மோனேட்டும் சாலிசிலிக் அமிலமும் அத்தகையன. இவற்றைக் குடுவையில் சேர்த்தால், பகையில்லாதபோதும் வேர் தற்காப்புப் பொருளைச் சுரக்கத் தொடங்கும்.

திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் அமுக்கராவில் இதனைச் சோதித்தனர். 40 நாள் வளர்ந்த வேர்களைச் சாலிசிலிக் அமிலத்தில் 4 மணி நேரம் வைத்ததில், விதனோலைடு-ஏ என்னும் மருந்துப் பொருள் 58 மடங்கு வரை உயர்ந்ததாக 2013-இல் அறிவித்தனர். சாயத் தொட்டியில் நூலை வைக்கும் நேரமும் சாயத்தின் அளவும் நெசவாளருக்கு எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் இங்கும். அளவு மிஞ்சினால் வேரின் வளர்ச்சியே குன்றும். மெத்தில் ஜாஸ்மோனேட்டைவிடச் சாலிசிலிக் அமிலமே அச்சோதனையில் மிகுந்த பயன் தந்தது.

எனவே அங்கத்தினர் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். குடுவையிற் கண்ட பலன் வயலிலும் அப்படியே கிட்டும் என்று கொள்ளலாகாது. வயலில் மண்ணும் மழையும் வேறு. மருந்தின் அளவும் நம் கட்டுக்குள் நில்லாது. வேரைப் பெருக்கும் ஹார்மோன் என்று எவரேனும் புட்டியை நீட்டினால், வேளாண்மை அலுவலரைக் கேளாமல் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

வேரின் மதிப்பு எடையில் மட்டுமன்று, அதிலுள்ள மருந்துப் பொருளின் அளவிலும் உள்ளது. அதனை அறியாமல் விற்பவர், வாங்குவோர் கூறும் விலைக்கே இசைய நேரும். தனியொருவருக்குப் பரிசோதனைச் செலவு பாரமாகலாம்; பலருடைய சரக்கைத் தரம் பிரித்து ஒன்றுசேர்த்து, சங்கத்தின் பெயரால் மாதிரி அனுப்பினால் அது எளிதாகும். விதைக்கென ஒரு பகுதிச் செடிகளைத் தோண்டாமல் விடுவதும் நம் கடமையாகும்.