இருசும் மசகும்

காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர் வட்டத்தில் செய்யாற்றங்கரையில் அமைந்த சிற்றூர் காவாந்தண்டலம். ஆற்று மணலும் நன்செய்ச் சேறும் அடுத்துள்ள இத்தகைய ஊர்களில், வண்டிக்குப் பகை இரண்டு: மணலும் நீரும். பாரத்தால் முறியும் வண்டி சிலவே. குடத்தினுள் மணலும் நீரும் புகுந்து, இருசு தேய்ந்து கெடும் வண்டி பல. இருசு என்பது அச்சினைக் குறிக்கும் நல்ல தமிழ்ச்சொல்; ஏட்டில் அருகினும் உழவர் நாவில் வாழ்வது.

முற்காலத்து வண்டிக்காரர் விளக்கெண்ணெயில் வைக்கோற்கரியைக் குழைத்து மை செய்வர். அதனை மூங்கிற் குழாயில் இட்டு வண்டியின் அடியில் தொங்கவிடுவர். நெடுவழி செல்லுமுன் கடையாணியைக் கழற்றி, சக்கரத்தைச் சிறிது வெளியே இழுத்து, இருசில் மையிடுவர். அவர்தம் முன்னோரும் அத்தகையோரே. உப்பு வணிகர் மேட்டிலும் பள்ளத்திலும் நேரக்கூடிய இடையூற்றை எண்ணி, வேறோர் அச்சினையும் வண்டியின் அடியில் கட்டிச் சென்ற செய்தியை ஔவையார் புறநானூற்றில் கூறுகின்றார்.

இன்று ரப்பர்ச் சக்கர மாட்டுவண்டியிலும், டிராக்டர் இழுக்கும் பெட்டியிலும் குடத்தினுள் பேரிங்கு உள்ளது. இரும்பு இரும்பின்மேல் உராயாமல், இடையே உருளைகள் உருளுகின்றன. ஒருபுறம் சிறுத்த கூம்பு வடிவ உருளைகளை அமைத்தால், மேலிருந்து வரும் பாரத்தையும் பக்கத்து நெருக்கலையும் ஒருங்கே தாங்கும். அமெரிக்காவில் குதிரைவண்டி செய்து வந்த ஹென்றி டிம்கன் 1898-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். இதுவும் வண்டிக்காரர் கவலையில் பிறந்ததே!

உருளைகளுக்கு மசகு வேண்டும். மசகு வெளியேறாமலும் நீர் உட்புகாமலும் காப்பது, ஆயில் சீல் எனப்படும் ரப்பர் வளையம். ஆயினும் அதன் காவலுக்கும் எல்லை உண்டு. நெடுந்தொலைவு ஓடிய சக்கரத்தின் குடம் வெம்மையுறும். உள்ளிருக்கும் காற்று விரிந்து ஒரு பகுதி வெளியேறும். அந்நிலையில் வண்டியை நீரில் இறக்கினால், குடம் திடுமெனக் குளிரும், காற்று சுருங்கும், வளையத்தின் விளிம்பு வழியே நீர் உள்ளே உறிஞ்சப்படும். படகை ஏற்றி ஏரிக்குள் இறங்கும் இழுவண்டிகள் பெரும்பாலும் கெடுவது இவ்வாறே. ஆதலால், நீர்த்துறையை அடைந்ததும் வண்டியைச் சற்று நிறுத்திக் குடத்தை ஆறவிடுதல் வேண்டும். அவசரக்காரர் இதனைச் செய்வதில்லை.

நீரில் மூழ்கிய சக்கரத்தை வாய்ப்பு நேர்ந்தவுடன் கழற்றிப் பார்த்தல் நன்று. மசகு பால்போல் வெளுத்திருப்பின் நீர் கலந்தது என்று அறிக. அப்பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, நன்கு உலர்த்துக. உருளையில் குழியோ துருவோ காணின், சிக்கனம் கருதி அதனையே மீண்டும் மாட்டுதல் தகாது. ஓடும் வழியில் சக்கரமே கழன்று உயிருக்கு ஊறு நேரலாம். நல்லதாயின், உள்ளங்கையில் மசகை வைத்து, பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்துக; உருளைகளின் இடையே ஏறிய மசகு மறுபுறம் பிதுங்கும்வரை அழுத்துதல் வேண்டும். மேலே பூசுவது மட்டும் பயன் தாராது. பழைய வளையத்தை நீக்கிப் புதியதைச் சாயாமல் பொருத்துக.

சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே மரையை முடுக்கி, பின்னர்ச் சிறிது தளர்த்தி, கடையாணி போலக் காவல் செய்யும் பிளவாணியைப் புதிதாக இடுவர். மரை மிக இறுகின் குடம் சுடும். தளரின் சக்கரம் ஆடும். சிறிது தொலைவு ஓட்டிய பின் குடத்தின்மேல் கை வைத்துப் பார்க்க வேண்டும். இளஞ்சூடு இயல்பு. கை பொறுக்காத சூடாயின், வண்டியை மேலும் ஓட்டாது அவ்விடத்திலேயே அவிழ்த்துப் பார்ப்பர்.