தள்ளினால் ஓடும் எக்ஸ்பிரஸ்

லெகோ கட்டைகளில் 'எக்ஸ்பிரஸ்' நீராவி இன்ஜின் செய்தேன். மோட்டார் போட்டால் சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லையே? – வாசகர், ஆவடி

மோட்டார் மேல் பழியில்லை. 1855-இல் உருவாகி, 2010-இல் பெரம்பூர் பணிமனையில் மீண்டும் உயிர்பெற்ற நிஜ 'எக்ஸ்பிரஸ்' ஆன இ.ஐ.ஆர். (கிழக்கிந்திய ரயில்வே) 21-க்கே உந்துசக்கரம் நடுவில் ஒரே ஜோடிதான். நிஜ இன்ஜினில் டன் கணக்கான எடை அதை அழுத்துகிறது. உங்களுடையதிலோ இருக்கிற சொற்ப எடையையும் முன்பின் சக்கரங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன, பிடிமானம் எங்கிருந்து வரும்? மோட்டாரையும் பேட்டரியையும் பின்னால் வரும் பயணிகள் பெட்டிக்குள் வைத்து, இன்ஜினைத் தள்ளவிடுங்கள். அது ஏமாற்று வேலை என்று தோன்றினால், நடு அச்சு சற்று மேலும் கீழும் அசைய இடம்விட்டு, அதன் சக்கரங்களில் ரப்பர் வளையம் மாட்டுங்கள். பெட்டி தள்ளும்போது அவை தண்டவாளத்தில் உருண்டு தாமே சுழலும், சக்கரத்தோடு இணைந்த தண்டும் ஆடும். எது எதை இழுக்கிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள். அளவும் நிஜத்தை ஒத்திருக்க வேண்டுமானால், அகலப்பாதை 1676 மி.மீ., லெகோ பாதை 37.5 மி.மீ. என்பதால் மற்ற அளவுகளையும் 45-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.