வயிற்றில் வளரும் குழந்தையின் அசைவு: தாயும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

மகப்பேறு புறநோயாளிகள் பிரிவில் காலை வேளைகளில் நாங்கள் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை: “நேற்று மத்தியானத்திலிருந்தே அசைவு குறைவாகத்தான் இருந்தது, டாக்டர். ராத்திரியில் வந்து தொந்தரவு செய்ய வேண்டாமென்று காலை வரை பொறுத்திருந்தேன்.” இவ்வாறு வருவோரில் பெரும்பாலோரின் குழந்தைகள் நலமாகவே இருக்கின்றன. ஆயினும் சிலருக்கு, காத்திருந்த அந்த ஓர் இரவே பேரிழப்பாக முடிந்துவிடுகிறது. அதனால்தான் குழந்தையின் அசைவைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

அசைவு எப்போது தொடங்குகிறது?

கருவுற்ற எட்டாம் வார அளவிலேயே கரு அசையத் தொடங்குவதை ஸ்கேனில் காணலாம். ஆனால், தாய் அதனை உணர்வதற்குப் பெரும்பாலும் 18 முதல் 20 வாரங்கள் ஆகும். தலைச்சன் பிள்ளையைச் சுமப்பவர்கள் 20 வாரங்களுக்குப் பின்னரே உணரக்கூடும். முன்பே பெற்றவர்கள் 16ஆம் வாரத்திலேயே அடையாளம் கண்டுகொள்வதுண்டு. நச்சுக்கொடி கருப்பையின் முன்சுவரில் அமைந்திருந்தால், அது ஒரு மெத்தையைப் போல இடையில் நின்று தொடக்க கால அசைவுகளை மறைக்கும். 24 வாரங்கள் ஆகியும் அசைவே தெரியவில்லையெனில் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

முதலில் நீர்க்குமிழி எழுவதுபோலத் தோன்றும் உணர்வு, பின்னர் உதைப்பாகவும் புரளலாகவும் வலுப்பெறும். 24 வாரங்களுக்குப் பின் குழந்தை ஓசைக்கும் அசைந்து பதில் தருகிறது. ஏழாம் மாதத்தில் வளைகாப்பிட்டு, வளையலோசை பிள்ளைக்குக் கேட்கட்டும் என்று நம் பெரியவர்கள் சொல்வது பொருளற்றதன்று.

குழந்தை வயிற்றினுள் உறங்கவும் செய்கிறது. அவ்வுறக்கம் பொதுவாக 20 முதல் 40 நிமிடங்கள் வரை நீடிக்கும். 90 நிமிடங்களைக் கடப்பது அரிது. “நேற்றிலிருந்து பிள்ளை தூங்குகிறது” என்று ஆறுதல் சொல்வதற்கு மருத்துவத்தில் இடமில்லை.

அசைவு ஏன் குறைகிறது?

தாயின் இரத்தத்திலுள்ள உயிர்வளியும் ஊட்டமும் நச்சுக்கொடியின் வழியே குழந்தையைச் சேர்கின்றன. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, நச்சுக்கொடியின் செயற்குறை முதலியவற்றால் இந்த வரத்து குறையும்போது, குழந்தை சிக்கனத்தைக் கைக்கொள்கிறது. இருக்கும் உயிர்வளியை மூளைக்கும் இதயத்துக்கும் முதன்மையாக அனுப்பிவிட்டு, கை கால் அசைவைக் குறைத்துக்கொள்கிறது. எனவே அசைவுக்குறைவு என்பது குழந்தை நமக்கு அனுப்பும் முன்னறிவிப்பாக இருக்கலாம். அதற்கும் பெருந்துன்பத்துக்கும் இடையிலுள்ள நேரத்தில்தான் மருத்துவர்களால் ஏதேனும் செய்ய இயலும்.

கவனிக்கும் முறை

28 வாரங்களுக்குப் பின், ஒவ்வொரு நாளும் குழந்தை எந்த நேரத்தில் மிகுதியாக அசைகிறது என்பதைத் தாய் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பலருக்கு மாலையிலும் இரவிலும் அசைவு மிகுதியாகத் தெரியும். வேலையில் ஈடுபட்டிருக்கும்போது அது புலப்படாமல் போகலாம்.

ஐயம் ஏற்பட்டால் இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்து, தொலைக்காட்சியையும் கைபேசியையும் ஒதுக்கிவிட்டு, இரண்டு மணி நேரம் அசைவில் மட்டும் கருத்தைச் செலுத்துங்கள். உதைத்தல், புரளுதல், நெளிதல் ஆகிய ஒவ்வொன்றும் ஓர் அசைவு. சீராகத் துடிப்பதுபோல் வரும் விக்கலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவுகள் தெரியவில்லையெனில் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். அசைவு முற்றிலும் நின்றுவிட்டதாகத் தோன்றினால், எண்ணிக்கொண்டிருக்காமல் அப்போதே புறப்படுங்கள். பத்து என்ற எண் நிறைவடைந்தாலும், வழக்கத்தைவிடக் குறைவு என்று உங்கள் மனம் சொன்னால் அதுவும் வருவதற்குப் போதிய காரணமே.

வீடுகளில் சொல்லப்படுபவை

“நிறைமாதம் ஆகிவிட்டது, உள்ளே இடமில்லை, அதனால் அசைவு குறையும்” என்பது பரவலான நம்பிக்கை. அது தவறு. இறுதி வாரங்களில் உதைப்பு புரளலாக மாறலாம். அசைவின் அளவு குறைவதில்லை. பிரசவ வலியின்போதும் குழந்தை அசைந்துகொண்டே இருக்கும்.

“சர்க்கரை போட்டுப் பால் குடி, குளிர்ந்த தண்ணீர் குடி, அசையும்” என்பார்கள். பசியிருந்தால் உண்ணலாம். ஆனால், ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து நேரத்தைக் கடத்தக் கூடாது.

வீட்டில் இதயத்துடிப்பைக் கேட்கும் கருவிகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. அவற்றில் கேட்பது தாயின் நாடியோசையாகவும் இருக்கலாம். துடிப்பு கேட்பதாலேயே குழந்தை நலமென்று முடிவு செய்ய இயலாது.

மருத்துவமனையில் என்ன செய்வோம்?

முதலில் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்போம். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருப்பது இயல்பு. பின்னர் சி.டி.ஜி. கருவியால் குறைந்தது 20 நிமிடங்கள் அத்துடிப்பின் போக்கைப் பதிவு செய்வோம். தாயின் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் சோதிப்போம். தேவையெனில் ஸ்கேனில் குழந்தையின் வளர்ச்சி, பனிக்குட நீரின் அளவு, தொப்புள்கொடியின் இரத்த ஓட்டம் ஆகியவற்றைக் காண்போம். யாவும் சரியாக இருந்தால் வீடு திரும்பலாம். குறை தெரிந்தால், வாரக் கணக்கைப் பொறுத்துத் தொடர்ந்து கண்காணிப்பதா, உடனே பிரசவம் பார்ப்பதா என்று உங்களுடன் பேசி முடிவெடுப்போம். 34 வாரங்களுக்கு முன் பிரசவம் தேவைப்படும் நிலை வந்தால், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்குத் தாய்க்கு ஊசி போடுகிறோம்.

ஒருமுறை வந்து நலமென்று சொல்லி அனுப்பப்பட்டவர், மீண்டும் அசைவு குறைந்தால் மீண்டும் வரவேண்டும். “சும்மா வருகிறாள்” என்று இங்கே எவரும் எண்ணமாட்டோம்.

குடும்பத்தாருக்கு

நள்ளிரவில் மருத்துவமனைக்குப் புறப்படுவதைப் பல வீடுகளில் கருவுற்ற பெண் தானே முடிவு செய்ய இயலுவதில்லை. கணவரும் மாமியாரும் தாயாரும் அவள் சொல்வதை நம்பவேண்டும். வண்டி வசதி இல்லையெனில் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள், கட்டணமில்லை. பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும்போது பரிசோதனை அட்டையும் ஸ்கேன் அறிக்கைகளும் கையோடு செல்லட்டும். போகும் ஊரில் இரவிலும் பிரசவம் பார்க்கும் மருத்துவமனை எதுவென்று முன்பே கேட்டுவையுங்கள். 28 வாரங்களுக்குப் பின் உறங்கச் செல்லும்போது ஒருக்களித்துப் படுப்பதே நல்லது. விழிக்கையில் மல்லாந்திருந்தால் அஞ்ச வேண்டாம். திரும்பிப் படுத்துக்கொண்டால் போதும்.

இறுதியாக ஒன்று. உரிய நேரத்தில் வந்தும் சில குழந்தைகளை எங்களால் காப்பாற்ற இயலாமற் போயிருக்கிறது. அத்தகைய இழப்பைச் சந்தித்தவர்கள் இதைப் படித்துத் தங்களை நொந்துகொள்ள வேண்டாம். வீட்டாரும் அந்தத் தாயைக் குறை கூறலாகாது. இன்று சுமப்பவர்களிடம் நாங்கள் வேண்டுவது இதுவே: ஐயம் எழுந்தால் விடியும் வரை காத்திராதீர்கள். பிரசவ அறையின் விளக்கு இரவிலும் எரிகிறது.