அல்சர் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் தவணை வரவு வைத்து முடித்ததும் ஓர் அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மேடம், எனக்குத் திரும்பவும் கடன் வேணும். வயித்துப்புண்ணு மறுபடியும் வந்துடுச்சு."

பத்து மாதம் முன்புதான் குழுவில் கடன் வாங்கி வைத்தியம் பார்த்திருந்தார். குழாய் விட்டுப் பார்த்து, வயிற்றில் கிருமி இருக்கிறது என்று 14 நாளைக்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

"எல்லா மாத்திரையும் சாப்பிட்டீங்களா அக்கா?"

"ஆறாம் நாளே வலி நின்னுடுச்சு. வாயெல்லாம் கசந்துச்சு. மீதிய எடுத்து வச்சுட்டேன்."

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. அன்று நானும், "வலி போயிடுச்சா, நல்லது" என்று சொல்லிவிட்டு வந்தவள்தான். மாத்திரை முடிந்ததா என்று கேட்கவில்லை.

புண் எதனால் வருகிறது?

காரமும் கவலையும்தான் காரணம் என்று நினைக்கிறோம். அவை எரிச்சலைக் கூட்டும். ஆனால் பெரும்பாலான புண்ணுக்குக் காரணம் இரண்டு: ஒன்று 'எச். பைலோரி' என்ற கிருமி, இன்னொன்று வலி மாத்திரை.

இந்தக் கிருமியை 1982-ல் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரண்டு டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். பலர் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, வயிற்று அழற்சி வந்து நிரூபித்தார்! 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கிருமி இருக்கிற எல்லோருக்கும் புண் வருவதில்லை, சிலருக்குத்தான் வருகிறது.

திரும்ப வருவது ஏன்?

1. மாத்திரையைப் பாதியில் நிறுத்துவது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையால் சில நாளிலேயே வலி அடங்கிவிடும். ஆனால் கிருமி சாகவில்லை. கோரையை மேலாக அறுத்தால் கிழங்கு மண்ணுக்குள் இருக்குமே, அதுபோலத்தான். மிஞ்சிய கிருமி அந்த மருந்துக்கே பழகியும் போகும்.

2. மருந்துக்குக் கிருமி மசியாதது. முழுசாகச் சாப்பிட்டாலும் சிலருக்கு இப்படி ஆகும். அதனால் மாத்திரை முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து, மலப் பரிசோதனையோ மூச்சுப் பரிசோதனையோ செய்து பார்க்க வேண்டும். அதற்கு 2 வாரம் முன்பே கேஸ் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். ரத்தப் பரிசோதனை இதற்கு உதவாது. கிருமி செத்த பிறகும் அது 'இருக்கு' என்று காட்டும்.

3. வலி மாத்திரை. களை எடுத்துவிட்டு வந்து உடம்பு வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போடுகிறோம். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் மூன்றும் புண்ணை உண்டாக்கும். இதயத்துக்காக டாக்டர் ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், புண் இருப்பதை அவரிடம் சொல்லுங்கள்.

4. புதிதாகத் தொற்றுவது. எச்சில், வாந்தி, மலம் வழியாகக் கிருமி பரவும். குடும்பத்துக்குள், அதுவும் சின்ன வயசில் தொற்றுவதுதான் அதிகம். சோப்புப் போட்டுக் கை கழுவுவோம், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்போம், குழந்தைக்குச் சோற்றை மென்று ஊட்டாமல் இருப்போம். ஆனால் வைத்தியம் பார்த்த ஒரு வருடத்துக்குள் திரும்ப வந்தால், பெரும்பாலும் அது சாகாத பழைய கிருமிதான்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போது?

மலம் தார் போலக் கறுப்பாகப் போனால், ரத்த வாந்தி எடுத்தால், திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலி வந்தால் காத்திருக்கக் கூடாது. காரணமில்லாமல் உடம்பு இளைத்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

அந்த அக்கா என்ன செய்தார்?

பழைய சீட்டையும் மீதி மாத்திரையையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனார். முன்பு எதைச் சாப்பிட்டோம் என்று சொன்னால்தான் வேறு மருந்து மாற்றிக் கொடுக்க முடியும். இந்த முறையும் 14 நாள். குழு கடன் கொடுத்ததோடு நிற்கவில்லை. ஊக்குநர் தினமும் ராத்திரி அவர் வீட்டுப் பக்கம் போய், "இன்னைக்குப் போட்டாச்சா?" என்று கேட்டு வந்தார். 14 நாளும் முடிந்துவிட்டது. அடுத்த மாதம் பரிசோதனை.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்:

* நம் குழுவில் யாராவது மாத்திரையைப் பாதியில் நிறுத்தியிருக்கிறோமா? ஏன்?
* வைத்தியக் கடன் கேட்கும்போதே மறுபரிசோதனைச் செலவையும் சேர்த்துக் கேட்கலாமா?
* மாத்திரை முடியும்வரை நினைவுபடுத்தும் பொறுப்பை யார் எடுத்துக்கொள்வது?